‘பைல் இல்லை’ என்று சொன்ன கணினியும் தமிழில் எழுதிய ஒரு பெயரும்

 

“சின்ன சொப்ட்வெயார் ஒண்டுதானே சேர், அதுக்கு ரெண்டு மாசமா?” கடைத்தெருவிலும் பெற்றார் கூட்டத்திலும் பலர் எங்களிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். கேட்டதில் பிழையில்லை. ஸ்கேனர் வாங்கக் காசு தந்தவர்கள் நீங்கள். அந்தக் காசுக்கு என்ன நடந்தது, வேலை எங்கே எங்கே நின்றது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை எழுதிவைப்பது எங்கள் கடமை. பதிவு நீளம். கணினி தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி எழுதப் பார்த்திருக்கிறோம். நடுவில் ஓரிரு இடம் கரடுமுரடாக இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

நாங்கள் என்பது மூன்று பேர். பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் இருவர், எங்களிடம் படித்து இப்போது பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் தம்பி ஒருவர். நிரல் எழுதியதில் பெரும் பங்கு தம்பியுடையது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பாடசாலையில் உயர்தரக் கலைப்பிரிவில் பார்வைப் புலன் இல்லாத பிள்ளை ஒருவர் படிக்கிறார். தமிழ், இஸ்லாமிய நாகரிகம், அரசியல் விஞ்ஞானம். பிள்ளையின் உம்மா அனுமதி தந்த அளவுக்கு மட்டும்தான் இங்கே எழுதுகிறோம். யார் என்று தெரிந்தவர்கள் கொமென்டில் பெயர் போட வேண்டாம்.

பிள்ளையிடம் ஒரு லப்டொப் இருக்கிறது. கட்டாரில் வேலை செய்யும் நானா வாங்கிக் கொடுத்தது. அதில் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரை வாசிப்பான் இருக்கிறது. திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் அது. 2006இல் அவுஸ்திரேலியாவில் அதைத் தொடங்கிய மைக்கல் கரன் என்பவரும் பார்வைப் புலன் இல்லாதவர்தான். தமிழையும் அது வாசிக்கும். உச்சரிப்பு கொஞ்சம் மரக்கட்டை மாதிரி இருந்தாலும் பிள்ளைக்குப் பழகிவிட்டது. நாங்கள் கேட்டால் ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்.

ஆனால் வாசிக்கக் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? இங்கேதான் பிரச்சினை. டியூட், நோட்ஸ், கடந்தகால வினாத்தாள், வழிகாட்டிப் புத்தகம் எல்லாமே கடதாசியில். டைப் செய்தவர்களிடம் கேட்டு வாங்கிய பைல்களிலும் முக்கால்வாசி பாமினி எழுத்துரு. பாமினியில் “அம்மா” என்று நாங்கள் காண்பது கணினிக்கு உள்ளே ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, திரும்பவும் கே, பிறகு எச். திரை வாசிப்பான் உள்ளே இருப்பதைத்தானே வாசிக்கும்? ஒரு முழு அத்தியாயத்தை எம் கே கே எச் என்று அது சொல்லிக்கொண்டே போக, பிள்ளை சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. டைப் செய்த பைலாக இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம், அதற்குக் கருவிகள் இருக்கின்றன. கடதாசியை என்ன செய்வது? இதுவரை உம்மாவும் ராத்தாவும் இரவில் வாசித்துக் காட்டினார்கள். உம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அரசியல் விஞ்ஞானப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறார்.

அதனால்தான் இந்தத் திட்டம். கடதாசியை ஸ்கேன் செய்து, அந்தப் படத்தில் உள்ள எழுத்துக்களைக் கணினியே அடையாளம் கண்டு யூனிகோட் தமிழாக மாற்ற வேண்டும். அதைச் செய்யும் இயந்திரம் ஏற்கனவே உலகத்தில் இருக்கிறது. டெசரக்ட் என்று பெயர். ஹியூலெட் பெக்கார்ட் நிறுவனத்தில் 1980களில் தொடங்கி, 2005இல் திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. தமிழுக்கான பயிற்சிப் பைலும் அதற்கு உண்டு. காசு இல்லை. ஆனால் அதைக் கட்டளை எழுதித்தான் ஓட்ட வேண்டும். பிள்ளை எப்போதும் எழுதுவதும் வாசிப்பதும் லிப்ரே ஒபிஸில். அதற்குள்ளேயே, ஒரு குறுக்கு விசையை அழுத்தினால் ஸ்கேன் செய்த பக்கம் எழுத்தாக வந்து விழ வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அப்படி இன்னொரு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் துண்டைத்தான் ப்ளகின் என்கிறார்கள். லிப்ரே ஒபிஸுக்கு ஜாவாவில் ப்ளகின் எழுதலாம். தம்பிக்கு ஜாவா கைவந்த மொழி.

இப்போது கரடுமுரடான இடம்.

ஜாவா 1995இல் வந்தபோது அதன் பெருமையே, ஒரு தடவை எழுதினால் எந்தக் கணினியிலும் ஓடும் என்பது. ஏனென்றால் ஜாவா நிரல் நேரடியாகக் கணினியோடு பேசாது. நடுவில் ஜாவாவுக்கென்று ஒரு மெய்நிகர் இயந்திரம் இருந்து பார்த்துக்கொள்ளும். டெசரக்ட் அப்படியல்ல. அது சி பிளஸ் பிளஸில் எழுதி, குறிப்பிட்ட கணினி வகைக்கென்றே தயாரித்த மென்பொருள். இப்படிப்பட்டதை நேட்டிவ் என்பார்கள், அந்த மண்ணுக்கே உரியது என்ற பொருளில். விண்டோஸில் அது டி.எல்.எல். என்ற வகைப் பைலாக இருக்கும். இரண்டையும் பேசவைக்க நடுவில் ஒரு பாலம் வேண்டும். ஜே.என்.ஐ. என்ற அந்த ஏற்பாடு 1997இலிருந்து ஜாவாவில் இருக்கிறது.

தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் சிங்களம் மட்டும் தெரிந்த அலுவலகத்துக்குப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர் வந்து சேராவிட்டால், வந்தும் பெயரைப் பிழையாகச் சொன்னால், வேலை நடக்காது. பெயர் விஷயத்தில் ஜே.என்.ஐ. நம் நாட்டு அலுவலகங்களை விடக் கறார். ஜாவா பக்கம் ஒரு வேலைக்கு என்ன முழுப்பெயரோ, அதே பெயர் சி பிளஸ் பிளஸ் பக்கமும் ஓரெழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். அடையாள அட்டையில் முஹம்மது, பிறப்புச் சான்றிதழில் மொஹமட், பாடசாலை விடுகைப் பத்திரத்தில் முகம்மத் என்று இருந்து அலைந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அந்த அலைச்சலேதான் இதுவும். அதைத் தம்பி தொடக்கத்திலேயே கவனமாகச் செய்திருந்தார். எங்களைப் படுத்தியது வேறு மூன்று விஷயங்கள்.

முதலாவது லேசானது. தம்பியின் கணினியில் ஓடிய ப்ளகின், பாடசாலைக் கணினி அறையில் இரண்டு கணினிகளில் ஓடவில்லை. எரரின் கடைசி வரியில் 64 பிட், 32 பிட் என்று இரண்டு எண்களும் இருந்தன. அந்த இரண்டிலும் யாரோ எப்போதோ 32 பிட் லிப்ரே ஒபிஸும் 32 பிட் ஜாவாவும் போட்டிருந்தார்கள். எங்கள் டி.எல்.எல். 64 பிட். ஒரே ஓட்டத்துக்குள் இரண்டும் சேராது. விண்டோஸ் 64 பிட்டாக இருப்பது மட்டும் போதாது, உள்ளே ஓடும் மென்பொருளும் அதே வகையாக இருக்க வேண்டும். டாஸ்க் மனேஜரைத் திறந்தால் எது 32 பிட் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டு 64 பிட் போட்டோம். ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

இரண்டாவது அப்படியல்ல. பன்னிரண்டு நாள் தின்றது.

கணினி அறையில் இருந்த மற்றக் கணினிகளில் வேறொரு எரர். தங்கியிருக்கும் லைப்ரரிகளைக் காணவில்லை என்ற பொருளில் ஒரு வரி. அதற்கு முன்னால் எங்கள் பாலப் பைலின் பெயரும் அது இருக்கும் இடமும். வாசிக்கிற எவரும் அந்தப் பைல்தான் இல்லை என்று நினைப்பார்கள். போல்டரைத் திறந்து பார்த்தால் பைல் கண்முன்னே இருக்கிறது! அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் அதே வரி. ஆனால் தம்பியின் லப்டொப்பில் மட்டும் எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடுகிறது. “என்ட மெஷின்ல ஓடுது சேர்” என்று வட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பினார்.

அந்த வரியை மெதுவாக வாசித்தால், அது சொல்வது பாலத்தைக் காணவில்லை என்றல்ல. பாலம் எதன்மேல் நிற்கிறதோ அதைக் காணவில்லை என்று. எங்கள் பாலப் பைலுக்கு டெசரக்ட் வேண்டும். டெசரக்டுக்கு லெப்டோனிக்கா என்ற படம் கையாளும் லைப்ரரி வேண்டும். லெப்டோனிக்காவுக்குப் படவகை ஒவ்வொன்றையும் வாசிக்க இன்னும் சில சின்ன லைப்ரரிகள் வேண்டும். அடியில் ஒன்று கிடைக்காவிட்டாலும் குற்றச்சாட்டு மேலே நிற்பவரின் பெயரில்தான் பதியப்படும். எது கிடைக்கவில்லை என்று ஜாவா சொல்லாது. அதற்கே தெரியாது, விண்டோஸ் அதற்குச் சொல்லவில்லை.

இதைக் கண்டுபிடிக்க மைக்ரோசொப்டே இலவசமாகத் தரும் ப்ரொசஸ் மொனிட்டர் என்ற கருவி உதவியது. ஒரு மென்பொருள் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்தப் பைலைத் தேடியது, கிடைத்ததா இல்லையா என்று வரிவரியாகக் காட்டும். ஆயிரக்கணக்கான வரிகள் வரும், வடிகட்டத் தெரிய வேண்டும். வடிகட்டியபோது விஷயம் வெளிச்சமானது. லெப்டோனிக்காவைத் தேடி விண்டோஸ் லிப்ரே ஒபிஸின் போல்டருக்குப் போயிருக்கிறது. தன்னுடைய சிஸ்டம் போல்டருக்குப் போயிருக்கிறது. இன்னும் நாலைந்து இடம் போயிருக்கிறது. எங்கள் பாலப் பைல் இருக்கும் போல்டரில், அதன் பக்கத்திலேயே லெப்டோனிக்கா இருக்கிறது. அங்கே மட்டும் போகவில்லை.

ஏன்? ப்ளகின் எழுதும் எல்லோரும் அறிய வேண்டிய இடம் இது. ப்ளகின் தனியாக ஓடும் மென்பொருள் அல்ல, விருந்தாளி. வீட்டுக்காரர் லிப்ரே ஒபிஸ். ஜாவா வழியாக ஒரு டி.எல்.எல். ஏற்றப்படும்போது, அதற்குத் தேவையான மற்றதை விண்டோஸ் வீட்டுக்காரரின் போல்டரில்தான் முதலில் தேடும். விருந்தாளியின் பையைத் திறந்து பார்க்காது. தம்பியின் கணினியில் ஓடியதற்குக் காரணம், அவர் தன் படிப்புக்காக டெசரக்டை முன்பே நிறுவி, அதன் போல்டரை விண்டோஸ் தேடும் பாதைப் பட்டியலில் சேர்த்து வைத்திருந்ததுதான். அங்கே தேடி எடுத்துக்கொண்டது.

தீர்வு எளிது. அடியில் இருப்பதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக, முழு இடத்தையும் சொல்லி, நாங்களே ஏற்றுவது. முதலில் சின்ன லைப்ரரிகள், பிறகு லெப்டோனிக்கா, பிறகு டெசரக்ட், கடைசியில் பாலம். ஏற்கனவே உள்ளே வந்து அமர்ந்திருப்பவரை விண்டோஸ் திரும்ப வெளியே தேடாது. வரிசை மாறினால் திரும்பவும் அதே எரர். ஏழு வரி நிரல். ஏழு வரிக்குப் பன்னிரண்டு நாளா என்று கேட்பீர்கள். ஆம், எந்த ஏழு வரி என்று தெரிவதற்கு.

இதை எழுதும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். இந்தப் பன்னிரண்டு நாளில் எங்களுக்குக் கிடைத்த ஆலோசனைகளில் பாதி “ஃபோமட் அடிச்சிடுங்க சேர்” என்பதுதான். நம் ஊரில் கணினிக்குக் காய்ச்சல் வந்தாலும் ஃபோமட், தலையிடி வந்தாலும் ஃபோமட். கணினி அறையில் எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப விண்டோஸ் போட்டிருந்தால் இரண்டு நாள் வேலையும் போய், அதே எரர் அதே இடத்தில் வந்து நின்றிருக்கும். உங்கள் வீட்டுக் கணினியில் எரர் வந்தால், தயவுசெய்து மூடுவதற்கு முன் போனில் முழுத் திரையையும் படம் எடுங்கள். மேல் வரி மட்டும் போதாது. பெரும்பாலும் விஷயம் இருப்பது கடைசி வரியில்.

கணினி அறையில் எல்லாக் கணினிகளிலும் ஓடியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, பெண்ட்ரைவில் எடுத்துக்கொண்டு பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். உம்மா பிளேன்டீ ஊற்றினார். ராத்தா பக்கத்தில் இருந்தார். ப்ளகினைப் போட்டோம். 64 பிட்டா என்று பார்த்தோம், சரி. பிள்ளை குறுக்கு விசையை அழுத்தினார்.

எரர்.

திரை வாசிப்பான் அந்த எரரையும் வாசித்தது. ஆங்கிலப் பைல் பாதையை அது எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டு போகையில் நடுவில் ஒரு இடத்தில் கேள்விக்குறி, கேள்விக்குறி, கேள்விக்குறி என்று அடுக்கியது. “இது என்ன சேர் இத்தின கேள்வி கேக்குது?” என்று பிள்ளைதான் முதலில் கேட்டார். நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தும் எங்கள் கண் கடைசிச் சொல்லில் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவருக்குத்தான் அது பிடிபட்டது.

எண்ணிப் பார்த்தோம். எட்டு. அந்தப் பாதையில் அந்த இடத்தில் வர வேண்டியது பயனர் பெயர். விடுமுறையில் வந்தபோது கணினியை ஒழுங்குசெய்து கொடுத்த நானா, பயனர் பெயரைத் தமிழில் எழுதியிருந்தார். கணினி திறக்கும்போது திரை வாசிப்பான் அந்தப் பெயரைத் தமிழ்க் குரலில் சொல்ல வேண்டும் என்பதற்காக. பெயரில் நான்கு எழுத்து. ஆனால் யூனிகோடில் மெய்க்குப் புள்ளியும் உயிர்மெய்க்குத் துணை எழுத்தும் தனித்தனியாக எண்ணப்படும். அப்படி எண்ணினால் அந்தப் பெயருக்கு எட்டு. கேள்விக்குறியும் எட்டு.

கேள்விக்குறியைக் கண்டவுடன் முடிவுக்கு வந்துவிடவும் முடியாது. எரரைப் பதிவு செய்யும்போது மட்டும் தமிழ் எழுத்து அப்படி மாறியிருக்கலாம், உள்ளே எல்லாம் சரியாக இருந்திருக்கலாம். அதனால் இரண்டு சோதனை செய்தோம். பிள்ளையின் லப்டொப்பிலேயே எல்லாப் பைல்களையும் சி டிரைவில் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்த ஒரு போல்டருக்கு மாற்றி ஓட்டினோம், ஓடியது. அடுத்த நாள் கணினி அறையில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கணினியில், தமிழில் பெயர் வைத்த புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி அதற்குள் ஓட்டினோம். அதே எரர். இதற்குப் பிறகு சந்தேகமில்லை.

நடப்பது இதுதான். ஜாவாவுக்குத் தமிழ் தெரியும். அதன் உள்ளே எல்லாமே யூனிகோட். விண்டோஸுக்கும் தெரியும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் பழைய வாசல் ஒன்று இருக்கிறது. யூனிகோட் வருவதற்கு முன், ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சின்ன எழுத்து அட்டவணை வைத்து விண்டோஸ் வேலை செய்தது. பழைய பாணியில் எழுதிய நேட்டிவ் நிரல்கள் பைலின் பெயரை இன்றும் அந்த அட்டவணை வழியாகத்தான் கேட்கின்றன. அரபுக்கு அந்த அட்டவணை உண்டு, 1256ஆம் இலக்கம். தாய்லாந்து மொழிக்கு 874. தமிழுக்கு இல்லை. சிங்களத்துக்கும் இல்லை. நம் மொழிகள் விண்டோஸுக்குள் வந்ததே யூனிகோட் காலத்தில்தான். அட்டவணையில் இல்லாத எழுத்து அந்த வாசலைத் தாண்டும்போது கேள்விக்குறியாகிவிடும். பிறகு எட்டுக் கேள்விக்குறி என்ற பெயருள்ள போல்டரைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

இதில் ஒரு வேடிக்கை. அதே ஜே.என்.ஐ. விதிகளில், நிரலில் வரும் பெயர்கள் எந்த மொழியிலும் இருக்கலாம் என்று ஏற்பாடு உண்டு. ‘அ’ என்ற எழுத்தை அடிக்கோடு போட்டு அதன் யூனிகோட் இலக்கத்தால் எழுத வேண்டும், அவ்வளவுதான். நிரலுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க வழி யோசித்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போகும் வழியில்தான் தமிழ்ப் பெயர் தொலைகிறது.

லப்டொப்பைக் காட்டிய கடையில் சொன்ன தீர்வு ஒரே வரி. பயனர் பெயரை ஆங்கிலத்தில் வைத்து, அழித்து, புதிதாகப் போடுங்கள். வேகமாக முடிந்திருக்கும், ஒப்புக்கொள்கிறோம். பிள்ளையிடம் கேட்டோம். “அப்ப என்ட பேரத்தான் சேர் அதுக்கு விளங்குதில்லையா?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கணினியில் அவர் மூன்று வருடமாகத் தன் காதுக்கு ஏற்றபடி பழக்கிவைத்த வேகம், குரல், குறுக்கு விசை எல்லாம் இருக்கின்றன. அவருக்கு அது நமக்கு வீட்டுச் சுவர் மாதிரி, இருட்டில் கைவைத்து நடக்கும் இடம். ஒரு ப்ளகினுக்காக அதை இடிப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. இந்த ப்ளகின் ஊரில் இன்னும் நாலு பிள்ளைகளுக்குப் போக வேண்டியது. ஒவ்வொருவரிடமும் உன் பெயரை மாற்று என்று சொல்லப் போகிறோமா?

விண்டோஸ் 10இல் அந்தப் பழைய அட்டவணைக்குப் பதிலாக யூனிகோடையே பயன்படுத்தும்படி மாற்றும் ஒரு தெரிவும் உண்டு. பரீட்சார்த்தம் என்று அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். அது முழுக் கணினிக்கும் பொருந்தும் மாற்றம். வேறு எந்தப் பழைய மென்பொருளைக் குழப்பும் என்று சொல்ல முடியாது. பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கும் பிள்ளையின் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

நாங்கள் செய்தது இது. ப்ளகின் முதல் தடவை ஓடும்போது, தன் நேட்டிவ் பைல்களையும் டெசரக்டின் தமிழ்ப் பயிற்சிப் பைலையும், எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான ஒரு போல்டருக்குப் பிரதி செய்துகொள்ளும். அந்தப் பாதையில் ஒருவருடைய பெயரும் வராது. பிரதி செய்வது ஜாவா, அதற்குத்தான் தமிழ் தெரியுமே. பிறகு அங்கிருந்து ஏழையும் வரிசையாக ஏற்றும்.

அது போதும் என்று பார்த்தால், ஸ்கேன் செய்த படம் சேமிக்கப்படுவதும் பிள்ளையின் பெயருள்ள போல்டருக்குள். அந்தப் பாதையை டெசரக்டுக்குக் கொடுத்தால் திரும்பவும் கேள்விக்குறி. தம்பி அதற்குக் கண்டுபிடித்த வழி எங்களுக்கு மிகவும் பிடித்தது. படம் எங்கே இருக்கிறது என்று சொல்லாமல், படத்தையே கையில் கொடுத்துவிடுவது. ஜாவா பைலைத் திறந்து, உள்ளே இருப்பதை எல்லாம் நினைவகத்தில் எடுத்து, பாலத்தின் வழியே அப்படியே நீட்டும். நினைவகத்திலிருந்து படத்தை வாசிக்கும் வசதி லெப்டோனிக்காவில் இருக்கிறது. பாதையே கேட்காத இடத்தில் பெயர் எப்படித் தொலையும்? திரும்பி வரும் தமிழ் எழுத்தையும் அதேபோல் பைட்டுகளாக வாங்கி, ஜாவா பக்கத்தில் வைத்து யூனிகோடாகப் பிரிக்கிறோம்.

பெயரும் மாறவில்லை, கணினியும் அழியவில்லை. போன வாரம் திங்கட்கிழமை இரவு எட்டரைக்கு உம்மா போன் எடுத்தார். சோல்பரி அரசியலமைப்பைப் பற்றிய பக்கத்தைப் பிள்ளை தானே ஸ்கேனரில் வைத்து, தானே அழுத்தி, தானே கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பின்னால் அந்த மரக்கட்டைக் குரல் எங்களுக்கும் கேட்டது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மங்கிய அச்சில் ‘ர’வுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் ‘காலம்’ ‘கரலம்’ ஆகிவிடுகிறது. பிள்ளை ஊகித்துக்கொள்கிறார், ஆனால் ஆட்களின் பெயர் வரும் இடத்தில் ஊகம் போதாது. அட்டவணைகளை டெசரக்ட் கலைத்துப் போட்டுவிடுகிறது. கையெழுத்து நோட்ஸ் இதற்கு ஆகவே ஆகாது, அதைக் கேட்டு யாரும் வர வேண்டாம். ப்ளகினைப் புதுப்பிக்கும்போது லிப்ரே ஒபிஸை முழுதாக மூட வேண்டும், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் அதன் சின்ன ஐகனையும் சேர்த்து. ஓடிக்கொண்டிருக்கும் டி.எல்.எல். பைலை விண்டோஸ் அழிக்க விடாது. இன்னொன்று, ஜாவாவில் ஒரு நேட்டிவ் லைப்ரரியை ஒரே நேரத்தில் ஒரு ஏற்றியின் கீழ்தான் வைத்திருக்கலாம். பழைய ப்ளகின் இன்னும் உள்ளே இருக்கையில் புதியது அதே லைப்ரரியைக் கேட்டால், ஏற்கனவே வேறிடத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று மறுத்துவிடும். ராத்தாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

இப்போது எங்களுக்குத் தேவைப்படுவது காசு அல்ல, கடதாசி. அரசியல் விஞ்ஞானம், இஸ்லாமிய நாகரிகம் இரண்டுக்கும் உயர்தரக் கடந்தகால வினாத்தாள்களும் நல்ல குறிப்புப் புத்தகங்களும் வேண்டும். போட்டோகொப்பியின் போட்டோகொப்பி வேண்டாம், எழுத்து உடைந்துவிடுகிறது. மூலப் பிரதி வைத்திருப்பவர்கள், குறிப்பாக இரண்டு மூன்று வருடத்துக்கு முன் கலைப்பிரிவில் பரீட்சை எழுதியவர்கள், இரவலாகத் தந்தால் போதும். ஸ்கேன் செய்துவிட்டு உங்கள் முன்னாலேயே திருப்பித் தருவோம். கோட்டுப் பேனையால் நிறம் தீட்டிய புத்தகமானாலும் பரவாயில்லை, மஞ்சள் என்றால் பிரச்சினையில்லை, பச்சையும் நீலமும்தான் கொஞ்சம் சிரமம். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பிறகு கணினி அறை திறந்திருக்கும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் போன் இலக்கத்தையும் பென்சிலால் எழுதித் தாருங்கள்.